டயருக்கடியில் செருகிய காகிதம்

போன மாதம் மீஞ்சூர்ப் பக்கம் மரக்கிடங்கு வைத்திருக்கும் ஒருவர் என் கைபேசிக்கு இரண்டு படங்கள் அனுப்பினார். எங்கள் பழைய ஆலையில் நான் ஓய்வு பெறும் சமயத்தில் வேலைக்குச் சேர்ந்தவர். இப்போது சொந்தத் தொழில். சின்ன டிராக்டர் ஒன்று வாங்கியிருக்கிறாராம். அதன் முன்கைகளில் மாட்டி, கட்டைகளைக் கவ்வித் தூக்க ஒரு கிராப் வேண்டுமாம். ஒரு படத்தில் சாதாரணம், இன்னொன்றில் கனரகம். "சார், நீங்க அனுபவஸ்தர். எதை வாங்கலாம்? ஒரு வார்த்தை போதும்" என்று எழுதியிருந்தார்.

ஒரு வார்த்தையாம்! கனரகம் என்று தட்டினேன், அழித்தேன். சாதாரணம் என்று தட்டினேன், அதையும் அழித்தேன். "அவசரப்படாதீங்க" என்று தட்டிப் பார்த்தேன். அது அசட்டுத்தனமாக இருந்ததால் அதையும் அழித்துவிட்டேன். நாலாம் நாள் அவரே போன் செய்தபோது என் மனைவி எடுத்து, எனக்கு உடம்பு சரியில்லை என்று கூசாமல் ஒரு பொய் சொன்னாள். உடம்புக்கு ஒன்றுமில்லை. குழப்பம், அவ்வளவுதான். இந்தக் குழப்பத்துக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது.

எழுபதுகளின் தொடக்கம் அது. திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவே, பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கும் ஆலை ஒன்றில் நான் சார்ஜ்மேன், அதாவது மேற்பார்வைக்காரன். டிப்ளமா படித்தது, இரண்டு பட்டறைகளில் எண்ணெய்க் கையோடு அலைந்தது, பேட்டியில் உளறியும் வேலை கிடைத்தது, இதையெல்லாம் விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருஷம் ஆகியும் நிரந்தரம் ஆகவில்லை என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்த விஷயத்தில் அதற்குப் பங்கு உண்டு.

துறைமுகத்திலிருந்து லாரிகளில் பழைய இரும்பு வந்து இறங்கும். கப்பல் தகடு, தண்டவாளத் துண்டு, நசுங்கிய பீப்பாய் எல்லாம் யார்டில் மலையாகக் கிடக்கும். அதைத் தரம் பிரித்து உலை வாசலுக்குக் கொண்டுபோவது கன்னியம்மாவின் கூட்டம். கன்னியம்மா எண்ணூர்க் குப்பத்துக்காரி. புருஷன் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். இவள் இருபது பெண்களுக்கு மேஸ்திரி. அவள் குரல் கேட்டால் உலைக்காரர்களே ஒதுங்கி வழிவிடுவார்கள். அந்தப் பெண்கள் தண்டவாளத் துண்டுகளைத் தோளில் சுமந்தார்கள். தோளில் துணியைச் சுருட்டி வைத்திருப்பார்கள், அதையும் மீறி ரத்தம் கசியும்.

இந்தப் பாரத்தைக் குறைக்கத்தான் டிராக்டர் வந்தது. வயல் உழச் செய்த சின்ன வண்டி. முன்னால் இரண்டு இரும்புக் கைகள் பொருத்தி, ஆயில் அழுத்தத்தில் ஏறி இறங்கும்படி செய்திருந்தோம். ஓட்டுபவர் சவரிமுத்து. ராயபுரத்துக்காரர், நாற்பது வயது, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம், காதில் எப்போதும் ஒரு பீடி. துறைமுகத்தில் பதினைந்து வருஷம் வண்டி ஓட்டியவர். தனியாக இருக்கும்போது நான் அவரைச் சவரியண்ணே என்பேன். நாலு பேர் இருந்தால் சவரிமுத்து. இது எனக்கே பிடிக்காத பழக்கம், ஆனாலும் செய்தேன்.

தொட்டி மாதிரியான பக்கெட்டை வைத்துக்கொண்டு தண்டவாளம் அள்ள முடியாது. விரல் வைத்த கிராப் வேண்டும். எந்தக் கிராப் வாங்குவது என்று சோதித்து அறிக்கை கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது.

என் மேலதிகாரி நமசிவாயம் சார், வொர்க்ஸ் இன்ஜினியர். ஈர்க்குச்சி மாதிரி இருப்பார். அவர் எதற்கும் ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லி நான் கேட்டதில்லை. காகிதத்தை நீட்டினால் படிப்பார், சிவப்புப் பென்சிலால் ஏதோ ஓரிடத்தில் ஒரு கேள்விக்குறி போடுவார், திருப்பித் தந்துவிடுவார். எதற்குக் கேள்விக்குறி என்று கேட்க எவனுக்கும் தைரியம் கிடையாது. நாமே திருதிருவென்று முழித்து, எதையாவது திருத்தி, மறுபடி கொண்டுபோக வேண்டும். கேள்விக்குறி இல்லாமல் வந்தால் பாஸ்.

கிராப் சோதனைக்கு அவர் வகுத்த முறையை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். முதலில் கிராப்பை வெறுமனே தராசில் ஏற்றி எடை எழுத வேண்டும். பிறகு சரக்கைத் தனியாக எடை போட வேண்டும். கவ்வி, தரையிலிருந்து முழங்கால் உயரம் தூக்கி நிறுத்த வேண்டும். பிறகு நெஞ்சு உயரம். ஒவ்வொரு உயரத்திலும் ஆயில் அழுத்தம் எவ்வளவு என்று கேஜைப் பார்த்துக் குறிக்க வேண்டும். கடைசியாகக் காகிதம். முதல் நாள் பேப்பரை நீள நீளமாகக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்திருப்பார். பாரம் மேலே இருக்கும்போது பின் டயரின் அடியில் அந்தத் துண்டைச் செருகிப் பார்ப்பார். முன்னால் பாரம் கூடினால் பின்சக்கரம் லேசாகும், காகிதம் வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும். டயர் தரையை அழுத்திக்கொண்டிருந்தால் காகிதம் போகாது. பெரிய பெரிய கணக்கெல்லாம் தெரிந்த மனிதர், மண்டியிட்டுக் குனிந்து காகிதம் செருகுவதைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்.

இரண்டு கிராப்கள் வந்தன. முதலாவது ராயபுரத்துச் சந்து ஒன்றில் ஒரு பட்டறைக்காரர் செய்தது. லேசானது, மேல்தாடை இரண்டாகப் பிரிந்து தனித்தனியாகக் கவ்வும். கோணல்மாணலான சரக்கைக்கூட அழகாகப் பிடித்தது. ஆனால் மூன்றாவது தடவை தண்டவாளத் துண்டுகளைத் தூக்கியபோது ஒரு விரல் வளைந்துவிட்டது. இரண்டாவது கனரகம். அம்பத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்தது. கட்டைவிரல் தடிமனில் தகடு, நாலு முரட்டு விரல்கள், பச்சை பெயின்ட். பார்த்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது. பெண் பார்க்கப் போனபோதுகூட நான் அப்படி மயங்கவில்லை.

சவரி அதைச் சுற்றி வந்தார். காலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, எம்மாம் பெருசா கீது! இத்தத் தூக்கிறதுக்கே வண்டிக்குத் தம்மு பூடும். அப்பால சரக்க எங்க தூக்கிறது? அந்தச் சின்னதையே வெரலுக்கு இரும்புப் பட்ட போட்டுக் குடுக்கச் சொல்லுங்க சார்."

யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது முழுக்க நியாயம். கிராப் எவ்வளவு கனமோ அவ்வளவு சரக்கு குறையும். ஆனால் பக்கத்தில் கன்னியம்மாவும் நாலைந்து பெண்களும் நின்றார்கள். ஆகவே அவர் சவரிமுத்து ஆகிவிட்டார்.

"எடையெல்லாம் நாங்க பாத்துக்கிறோம், சவரிமுத்து. நீங்க ஓட்டுங்க" என்றேன்.

சோதனை நடந்தது. ஆயில் கேஜ், ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், கீழே வால்வை ஒட்டி இருந்தது. அதைப் படிக்க வேண்டுமானால் வண்டியின் பின்னால் இருக்கும் இழுவைக் கம்பியில் ஏறி நின்று, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்க வேண்டும். ஏறி நின்றேன். சவரி தூக்கினார். முழங்கால் உயரம், நெஞ்சு உயரம், எல்லாம் நோட்டில் ஏறியது. நமசிவாயம் சார் மண்டியிட்டுக் காகிதம் செருகினார். போகவில்லை. நுனி மடங்கிக்கொண்டது. மூன்று தடவை செய்தோம், மூன்று தடவையும் போகவில்லை.

அறிக்கை எழுதினேன். கனரகமே உகந்தது, டிராக்டர் இந்தப் பாரத்தைத் தடுமாற்றமின்றித் தாங்குகிறது. அறிக்கை கேள்விக்குறியோடு திரும்பி வந்தது. கேள்விக்குறி எங்கே தெரியுமா? "சோதனையின்போது உடனிருந்தோர்" என்ற வரிக்குப் பக்கத்தில். மண்டையைப் பிய்த்துக்கொண்டேன். இனிஷியல் விட்டுப்போனதாக நினைத்து எல்லாருடைய இனிஷியலையும் சேர்த்து மறுபடி டைப் அடித்துக் கொடுத்தேன். இந்தத் தடவை ஒன்றும் போடாமல் கையெழுத்துப் போட்டார். கிராப் வாங்கியாகிவிட்டது.

இரண்டு மாதம் அமர்க்களமாக ஓடியது. பெண்கள் தோளிலிருந்து தண்டவாளம் இறங்கியது. சவரியே ஒருநாள், "பரவால்ல சார், நான் பயந்தது தப்பு" என்று என்னிடம் ஒப்புக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு ஒரு வியாழக்கிழமை. யார்டின் குறுக்கே போகும் ரயில் பாதை மேட்டில் டிராக்டர் ஏறி இறங்கும்போது சவரி பாரத்தைத் தாழ்த்த லீவரை இழுத்திருக்கிறார். பின்சக்கரம் இரண்டும் காற்றில் எழும்பிவிட்டன. கிராப் மூக்குக் குத்தியது, வண்டி ஒருக்களித்து விழுந்தது. நான் ஓடிப் போனபோது சவரியின் இடதுகால் மட்கார்டுக்குக் கீழே மாட்டியிருந்தது. கன்னியம்மாவின் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து வண்டியைக் கையாலேயே நிமிர்த்தினார்கள். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

இரண்டு மாதம் தினமும் தூக்கிய அதே பாரம். அதே பாதை. அதே ஆள். எப்படி?

பம்பைக் கழற்றினோம், நன்றாக இருந்தது. ஆயிலை மாற்றினோம். டயரில் காற்று அளந்தோம், சரியாக இருந்தது. முன் அச்சு நேராகத்தான் இருந்தது. என் நோட்டில் நானே கேள்விக்குறிகளாகப் போட்டுத் தள்ளினேன். ஒவ்வொன்றும் சரி, எல்லாம் சரி என்றால் மிச்சம் என்ன? ஓட்டியவர்தான். ஆபீஸில் அப்படித்தான் முடிவு கட்டினார்கள். என் அறிக்கையை முதல் சாட்சியமாக வைத்துச் சவரிமேல் குற்றப்பத்திரிகை தயாரானது. கவனக்குறைவாக லீவரை இழுத்தார், விசாரணை, நிரூபணமானால் வேலைநீக்கம். காலில் மாவுக்கட்டோடு ராயபுரத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்த மனிதருக்கு அந்தக் காகிதத்தைக் கட்டிலுக்கே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான்.

கன்னியம்மா என்னை யார்டில் மடக்கினாள்.

"இன்னா சார், சவரி நைனாவ வூட்டுக்கு அனுப்பப் போறீங்களாமே? அது கையி எம்மாம் பதம்னு எங்களுக்குத் தெரியும். பின்னால நாங்க குந்திகினு போவும்போது ஒரு தபா கூட குலுங்குனது இல்ல. நீதான் காயிதம் ஒட்டி எங்கள எறக்கி வுட்ட. இப்ப காலு நோவ நடந்துகினு கீறோம். சரி, அது போவட்டும். அது மேல பழி போடாதீங்க."

அவள் சொன்னதை நன்றாகக் கேட்டுக்கொண்டேன். தலையை ஆட்டினேன். என் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும்தான். எப்பேர்ப்பட்ட மண்டு பாருங்கள்.

சனிக்கிழமை காலையில் நமசிவாயம் சார் மறு சோதனை வைத்தார். சவரி இடத்தில் ஒரு லாரி டிரைவர். மற்றதெல்லாம் பழையபடி. அதே கிராப், அதே எடை. நான் பின்னால் ஏறி நின்று கேஜைப் படித்தேன். சார் மண்டியிட்டுக் காகிதத்தைச் செருகப் பார்த்தார். போகவில்லை. இந்தத் தடவை அவர் வேறொன்று செய்தார். பாரத்தை இறக்கச் சொல்லி, காகிதத்தைத் தரையில் விரித்து, வண்டியை அதன்மேல் ஏற்றி, மறுபடி தூக்கச் சொன்னார். டயருக்கடியில் காகிதம் அசையாமல் கிடந்தது. நுனியைப் பிடித்து இழுத்தார், கிழிந்தது. மிச்சம் உள்ளேயே இருந்தது.

"அப்ப சவரிதானா?" என்றார் என்னைப் பார்த்து. கேள்விக்குறியைப் பென்சிலில் போடாமல் வாயால் அவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

நான் நோட்டைப் புரட்டினேன். புரட்டிய வேகத்தில் பென்சில் நழுவிக் கீழே விழுந்தது. எடுக்க இறங்கினேன்.

எண்ணூர்க் காற்று தெரியுமல்லவா, கடலிலிருந்து வந்து யார்டைக் கூட்டிக்கொண்டு போகும். நான் குனிந்து பென்சிலை எடுக்கும்போது, டயருக்கடியில் இருந்த காகிதத் துண்டு படபடவென்று அடித்துக்கொண்டு வெளியே வந்து, என் முகத்துக்கு நேராகப் பறந்து போயிற்று.

நமசிவாயம் சார் மண்டியிட்டபடியே என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"ஏறு" என்றார். ஏறினேன். புதுத் துண்டை எடுத்துச் செருகினார், போகவில்லை. "இறங்கு." இறங்கினேன். வெண்ணெயில் கத்தி மாதிரி போயிற்று. இப்படி நாலு தடவை ஏறி இறங்கினேன்.

அடப்பாவி மனுஷா! கிராப்பை எடை போட்டேன். சரக்கை எடை போட்டேன். என்னைப் போடவில்லை. அப்போது நான் நல்ல கனம். கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டு வஞ்சிரத்தில் ஊதிய உடம்பு. பின்னால் தொங்கிக்கொண்டு நின்ற நான்தான் அந்த வண்டியைத் தரையில் பிடித்து வைத்திருந்தேன். அப்படியானால் இரண்டு மாதம் எப்படி ஓடியது? கன்னியம்மா சொன்னாளே! உலை வாசலுக்கு நடக்க அலுப்புப்பட்டு அவளுடைய பெண்கள் இரண்டு மூன்று பேர் எப்போதும் பின்கம்பியில் தொற்றிக்கொண்டு போவார்கள். எங்கோ ஓர் ஆலையில் டிராக்டரிலிருந்து ஒரு பெண் விழுந்ததாகச் செய்தி வந்து, ஓட்டுநரைத் தவிர வேறு எவரும் ஏறக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டச் சொன்னார்கள். அதை என் முத்துமுத்தான கையெழுத்தில் எழுதி, மட்கார்டில் என் கையாலேயே பசை தடவி ஒட்டியவன் நான். ஒட்டியது திங்கட்கிழமை. சவரி கவிழ்ந்தது வியாழக்கிழமை.

நமசிவாயம் சார் முழங்கால் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். லாரி டிரைவரை டீ குடிக்க அனுப்பினார்.

"திங்கட்கிழமை விசாரணை" என்றார். "உன் வேலை நிரந்தரமாகிற ஃபைலும் மேனேஜர் மேசையிலதான் இருக்கு. நாளைக்கு ஞாயித்துக்கிழமை. யோசிச்சுட்டு வா." அவ்வளவுதான். என்ன செய்யச் சொல்கிறார் என்று எனக்கு அப்போதும் புரியவில்லை, சத்தியமாகப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பார்வையாளர் நேரத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போனேன். சவரி என்னைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார்.

"பாலு சார், வந்துட்டீங்களா! எதுக்கு சார் உங்களுக்கு செரமம்." பிறகு தலையணைக்குக் கீழிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார். "மாப்பு கேட்டு எழுதி வச்சிகீறேன் சார். நான்தான் லீவர வேகமா இழுத்துட்டன்னு. கையெழுத்தும் போட்டுட்டேன். நாளைக்கு நீங்களே குடுத்துடுங்க."

"நீங்க வேகமா இழுத்தீங்களாண்ணே?"

அவர் தன் வலதுகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு அப்பிடித் தோணல சார். மெதுவாத்தான் வுட்டா மாதிரி கீது. ஆனா நீங்க டெஸ்ட்டு பண்ணி எழுதிக் குடுத்துகீறீங்க. மூணு தபா தூக்கிக் காட்டுனதும் நான்தானே. வண்டி நல்ல வண்டின்னா, கையிதான் தப்பு பண்ணிகீது. பாஞ்சு வருசம் ஆர்பர்ல ஓட்டுன கையி சார். அதுக்குள்ள இன்னா ஆச்சோ, தெரியல." அவர் கண் கலங்கிவிட்டது. "இனிமே இந்தக் கைய நம்பி எவன் வண்டி குடுப்பான்?"

நான் அந்தக் காகிதத்தை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன். நாலு மணிக்கு மணி அடித்தார்கள். வெளியே வந்து பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை காலையில் நமசிவாயம் சார் அறைக்குப் போய், சவரியின் மன்னிப்புக் கடிதத்தை அவர் மேசையில் வைத்தேன். அதன்மேல் நான் விடியற்காலையில் எழுந்து எழுதிய இன்னொரு காகிதத்தை வைத்தேன். சோதனையில் தவறு, தவறு செய்தவன் நான் என்று அதில் எழுதியிருந்தேன். அவர் இரண்டையும் படித்தார். சிவப்புப் பென்சிலைக் கையில் எடுத்தார்.

தைரியம் எங்கிருந்து வந்ததோ, கேட்டுவிட்டேன். "சார், முதல் அறிக்கையில உடனிருந்தோர்ங்கிற இடத்துல கேள்விக்குறி போட்டீங்களே. நான் எங்க நின்னேன்னுதானே கேட்டீங்க? எனக்குத்தான் புரியல."

அவர் குனிந்து ஒரு குறி போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"ஆமான்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. ஆனா அது பொய். அந்த வரியில என் பேரை உன் பேருக்குக் கீழ போட்டிருந்தே. அதுக்குத்தான் போட்டேன்" என்றார். பிறகு என் காகிதத்தைத் திருப்பித் தந்தார். அதில், தவறு செய்தவன் நான் என்ற இடத்தில் கேள்விக்குறி இருந்தது. "மாத்தி எழுது. இந்தத் தடவையாவது என் பேரை முதல்ல போடு."

விசாரணை யார்டிலேயே நடந்தது. மேனேஜர் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். சொன்னதை நம்பாமல், என்னைத் தராசில் ஏறச் சொன்னார். தண்டவாளத் துண்டு ஏற்றும் அதே தராசு. கன்னியம்மாவும் இருபது பெண்களும் சுற்றி நிற்க, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினேன். தொண்ணூற்றொரு கிலோ. "யம்மாடியோவ்! ரெண்டாளு எட கீறாரே இந்த சாரு!" என்றாள் கன்னியம்மா. மேனேஜரே சிரித்துவிட்டார். பிறகு காகிதத்தைச் செருகிக் காட்டினோம், நான் ஏறியும் இறங்கியும். சவரி மேலிருந்த குற்றப்பத்திரிகையை அன்றைக்கே கிழித்துப் போட்டார்கள். எனக்கு நிரந்தரம் ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. நமசிவாயம் சாருக்கு மேலிடத்திலிருந்து ஒரு காட்டமான கடிதம் வந்தது. அதிலும் அவர் எங்கேயாவது கேள்விக்குறி போட்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

கனரகக் கிராப்பை என்ன செய்தோம்? தூக்கி எறியவில்லை. வண்டியின் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி கட்டி, கான்கிரீட் நிரப்பி, எதிர்பாரமாக மாட்டினோம். ஒரு தடவைக்குத் தூக்கும் சரக்கையும் குறைத்தோம். சவரி மாவுக்கட்டுப் பிரித்து, கொஞ்சம் சாய்ந்து நடந்துகொண்டு, நாலாம் மாதம் அதே வண்டிக்குத் திரும்பி வந்தார். பெண்கள் அந்தப் பெட்டிக்கு என் பெயரை வைத்துவிட்டார்கள். வேலை தொடங்கும்போது கன்னியம்மா யார்டே அதிரக் கத்துவாள்: "சவரி நைனா, பாலு சார மாட்டிகினியா?" மாட்டியாச்சு என்று அவர் பதில் சொல்வார். ஊரே சிரிக்கும், நானும் சிரிப்பேன்.

இந்த இடத்தில் நிறுத்தினால் கட்டுரை நன்றாக இருக்கும். மீஞ்சூர்க்காரருக்கும் வேண்டியது கிடைத்துவிடும்: கிராப் கனமா லேசா என்று கேட்காதீர்கள், வெறும் வண்டியில் ஓட்டுநரை மட்டும் உட்கார வைத்துத் தூக்கிப் பாருங்கள், பின்னால் ஓர் ஈ கூட உட்காரக் கூடாது. இது ஒரு பெரிய விஷயமா, யார் வேண்டுமானாலும் சொல்வார்கள். எனக்குக் குழப்பம் கிராப்பில் இல்லை.

விசாரணை முடிந்த அன்று சாயங்காலமே மறுபடி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வார்டில் நுழையும்போதே எனக்குப் பெருமை தாங்கவில்லை. மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். காகிதம் பறந்தது, தராசில் ஏறியது, மேனேஜர் சிரித்தது, எல்லாம். சவரி வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். சொல்லி முடித்த பிறகு தன் வலதுகையை மடியில் வைத்துப் பார்த்தார்.

"அப்ப என் கையி தப்பு பண்லியா சார்?"

"இல்லண்ணே. உங்க கை மேல ஒரு தப்பும் இல்ல."

அந்தக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டார். உத்தரியத்தை எடுத்து முத்தமிட்டார். பிறகு அவர் மெதுவாகக் கேட்டார்.

"எப்போ சார் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"சனிக்கிழமை காலையில."

அவர் விரல்விட்டு எண்ணினார். கோபம் இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம வந்திருந்தீங்களே, சார்."

அதற்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. ஏன் சொல்லாமல் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம்.